ஆலைக் கொட்டகையில் வால்ஸ்

எங்கள் பாகூர்ப் பக்கத்தில் ஆம்பிளை ஆடுவதென்றால் அப்போது மூன்று விதம்தான். சாமி வந்து ஆடலாம், கள் ஏறி ஆடலாம், வேஷம் கட்டித் தெருக்கூத்தில் ஆடலாம். இந்த மூன்றில் எதை ஆடினாலும் ஊர் வாயைத் திறக்காது. கட்டின பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் ஆடினால்தான் குற்றம். நான் அந்த நாலாவதை ஆடினவன். வெள்ளைக்காரர்கள் வால்ஸ் என்று சொல்லும் ஜோடி ஆட்டம். பிரமாதமாக ஆடினேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரி இந்த வயதிலும் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள். ஆடினேன், அவ்வளவுதான். நெல்லும் கரும்பும் எனக்குச் சோறு போட்டன, அவற்றுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு இல்லாமல், யாரும் செய்யச் சொல்லாமல், சும்மா சந்தோஷத்துக்காக நான் செய்த காரியம் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர் காலம் அது. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும், மேட்டில் கரும்பும், வெல்லம் காய்ச்சச் சொந்தமாக ஓர் ஆலைக் கொட்டகையும் இருந்தன. என் மனைவி எனக்கு மாமன் மகள். என் தாய்மாமன் இளவயதிலேயே சிப்பாயாக வியட்நாமிலுள்ள சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்து வளர்ந்தன. மூத்தவன் சைகோனிலேயே சுங்க இலாகாவில் குமாஸ்தா ஆனான். இளையவளை, எப்போதோ கொடுத்த வாக்குக்காக, எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். டிராம் வண்டியும் மின்சார விளக்குமாக வளர்ந்த பெண். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு கிராமபோன் வைத்து ஆடிப் பழகினவள். அவளைக் கொண்டுவந்து பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற ஒரு வீட்டில், அம்மியின் முன்னால் உட்கார வைத்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசக் கூடாது. எனக்குத் தாகமென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி கொண்டாரச் சொல்லும்மா" என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூ வாங்குவேன், அதையும் அம்மா கையில்தான் கொடுப்பேன். படுக்கப் போனால் சுவருக்கு மறுபுறம் நைனா, என் அப்பா, இருமுவது கேட்கும். அந்த இருமலைக் கேட்டால் எவனுக்குப் பேச்சு வரும்? ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அவள் பயங்கரக் கோபக்காரி. வந்த புதிதில் பூனையைத் திட்டுவாள், புகையும் அடுப்பைத் திட்டுவாள், எங்கள் கொம்பு மாட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் அர்ச்சனை நடக்கும். கேட்கவே வேடிக்கையாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் திட்டு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் சுத்தமாக நின்றுவிட்டது. "பொண்ணு அடங்கிட்டா" என்று அம்மாவுக்குத் திருப்தி. எனக்குத்தான் அந்தத் திட்டு இல்லாமல் வீடு வெறிச்சென்றிருந்தது. ஆனால் யாரிடம் போய், என்னவென்று சொல்வது?

அந்த வைகாசியில் என் மச்சான் விடுப்பில் வந்தான். பெட்டிகளோடு பெட்டியாக ஒரு கிராமபோனும் வண்டியிலிருந்து இறங்கியது. வந்த நாலாம் நாள், ஏரிக்கரையில் குளித்துவிட்டு வரும்போது என்னை நிறுத்திச் சொன்னான்.

"மச்சான், கோச்சிக்காத. தங்கச்சி பாதியா பூட்டா. சிரிப்பே இல்ல, சண்டை கூட போடமாட்றா. ஆடி மாசம் நான் கப்பல் ஏறும்போது என்னோட அனுப்பு. கொஞ்ச நாளு அம்மாகிட்ட இருந்துட்டு வரட்டும்."

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சைகோனுக்குக் கொஞ்ச நாள் போனவர்கள் வீட்டு மனைகளில் எங்கள் ஊரில் ஆடாதொடைச் செடி முளைத்துக் கிடந்தது.

"அவ இன்னா சொல்றா?" என்றேன்.

"யோசிச்சு சொல்றேன்றா."

மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தடுக்கலாம், நைனாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அனுப்ப மாட்டார். ஆனால் கயிற்றில் கட்டி வைத்தால் மாடு நிற்கும், மனுஷி நிற்பாளா? அவள் மனசு வைத்து இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் பிற்பகல் மச்சான் முற்றத்தில் கிராமபோனைச் சுற்றிவிட்டான். நைனா கழனிக்குப் போயிருந்தார். அவள் கன்றுக்குட்டிக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வழக்கம்போல வெறும் முகம்தான். ஆனால் புடவைக் கரைக்குக் கீழே அவள் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். அன்று மாலையே மச்சானைத் தனியாக ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், "மச்சான், இந்த எழவ எனக்கும் கத்துக் குடுடா" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்குகள் பறந்துவிட்டன.

பழகுவதற்காகக் கிராமபோனை ஆலைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்; அது எங்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் இருந்தது. தையில் ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் கரும்பு ஆட்டுவோம், வெல்லம் காய்ச்சுவோம். அதற்குப் பிறகு அடுத்த தை வரைக்கும் அங்கே எறும்புகள்தான் குடியிருக்கும். நடுவில் இரும்பு உருளைகள் நிற்கும். நுகத்தடியில் கட்டின மாடுகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து, தரை வட்டமாக இறுகிப் போயிருந்தது. மச்சான் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "சைகோன்ல பெரிய பெரிய மாளிகையில கூட இப்டி ஒரு எடம் கெடையாது மச்சான்" என்றான். ஜோடி ஆட்டத்திலும் இப்படித்தான் கூடத்தைச் சுற்றிக்கொண்டே போக வேண்டுமாம்.

அவன் பெண் வேஷம், நான் ஆண். இடது கையில் அவன் கை, வலது கை அவன் முதுகில். ஒன்று, இரண்டு, மூன்று. எங்களுக்குக் கால் இரண்டு, அதனால் இரண்டிரண்டாகத்தான் நடந்து பழக்கம். அந்த மூன்றாவது அடி எங்கே போய் விழுவதென்று தெரியாமல் நேராக மச்சானின் கால்மேல் விழும். விழுந்ததும் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஆட்டத்தை விட்டுவிட்டுக் குனிந்து, அவன் காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வேன்.

வேண்டுமென்று செய்ததில்லை. கால் தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அடித்துச் சொல்லி வளர்த்த உடம்பு. மனுஷன் மேல் பட்டாலும் அப்படித்தான், அளக்கிற மரக்கால் மேல் பட்டாலும் அப்படித்தான், முறத்தில் கிடக்கும் நெல்லின் மேல் பட்டாலும் அப்படித்தான். கை தானாகப் போய்விடும். மச்சானுக்கு வெறுத்துவிட்டது.

"ஏய், நீ ஆட வந்தியா, பாத பூசை பண்ண வந்தியா?"

"கால் பட்டுச்சேடா."

"பட்டா படட்டும்! நீ குனியறதுக்குள்ள பாட்டு பாதி ஓடிப் போச்சு பாரு."

இப்படி நாங்கள் மிதித்தும் கும்பிட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், கூழ்ப்பானையும் வெங்காயமுமாக அவள் வந்து வாசலில் நின்றாள். புருஷன் அண்ணனின் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அண்ணன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்?

"ஐயே! இன்னா கண்றாவி இது!"

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் திட்டு. அம்மன் கோயிலில் வாக்குக் கேட்டவன் மாதிரி எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மச்சான், "உம் புருஷனுக்கு ஆடக் கத்துக்கணுமாம்" என்று போட்டு உடைத்தான். அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போலச் சுவரைத் தேடினேன். கொட்டகைக்குச் சுவர் ஏது? நாலு பக்கமும் கம்பும் ஓலையும்தான்.

அவள் கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நாங்கள் ஆடுவதைப் பார்த்தாள். அவ்வளவுதான், பொறுக்க முடியவில்லை. "கைய ஏன் அப்டி வெச்சிகினுகீறீங்க மாமா? மம்மட்டி புடிக்கிற கை மாதிரி! அண்ணா, நீ அந்தாண்ட போ" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். மச்சான் முள்ளை வைத்தான். பாட்டு வந்தது. இரண்டு அடி வைத்தேன், மூன்றாவது அடி நேராக அவள் கால்மேல். குனிந்தேன். தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஐயோ! புருஷன் பொண்டாட்டி கால தொடுறதா! பாவம் எந்தலையிலதான் வுடியும்" என்று அலறிக்கொண்டு, அந்தப் பாவத்தைக் கழிக்க அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். நான் நிமிர்ந்தேன். மண்டையும் மண்டையும் மோதியது, பாருங்கள், ஆலையே சுற்றியது போலிருந்தது. மச்சான் வெல்லக் கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நெற்றியில் ஒரே மாதிரி கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிவிட்டது. வீட்டில் கேட்டதற்கு நான் ஓலைக் கழி இடித்தது என்றேன், அவள் மாட்டுக் கொம்பு என்றாள்.

பிறகு அவள்தான் ஒரு வழி செய்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் குனியக் கூடாது. முடிந்த பிறகு, அதுவரை மிதித்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே கும்பிடு. அப்படியே செய்தோம். இசைத்தட்டு கிறீச்சென்று நின்றதும் இருவரும் எதிரெதிரே குனிந்து எழுந்திருப்போம். மண்டை இடிக்காமல் இருக்க நான் முதலில், அவள் அப்புறம்.

ஒவ்வொரு நாளும் கூழ் கொண்டுவரும் சாக்கில் வருவாள். ஆனி மாசத்து வெயில் வெளியே பிளக்கும். உள்ளே பழைய வெல்ல வாசனையும் ஓலை நிழலும். மாடு சுற்றிய தடத்தில் நாங்கள் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டிருப்போம். எத்தனையோ நாள் அவள் சொன்னதெல்லாம் எனக்கு மண்டைக்கு ஏறவில்லை. "எண்ணாதீங்க மாமா, எண்ணாதீங்க. ஏத்தம் மிதிக்கும்போது அடிய எண்ணிகினா மிதிப்பீங்க?" என்றாள் ஒருநாள். அது ஏறியது. ஏற்றத்தில் கழியும் சாலும் ஆளும் தானாகச் சேர்ந்து அசைவது போல, திடீரென்று என் காலும் அவள் காலும் பாட்டும் சேர்ந்துகொண்டன. நான் ஆடவில்லை, என்னை எதுவோ தூக்கிக்கொண்டு போனது. முழு வட்டம் ஒன்றை ஒரு மிதிகூட இல்லாமல் முடித்தோம். நான் "ஹோ!" என்று கத்திவிட்டேன். தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

ஆட்டத்தைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் அங்கேதான் நடந்தது. ஜோடி ஆட்டத்தில் எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. இரண்டு வருஷம் குடித்தனம் பண்ணின என் மனைவியின் கீழுதட்டுக்குக் கீழே ஒரு தழும்பு இருப்பதை நான் அந்தக் கொட்டகையில்தான் கண்டேன்.

"இது இன்னாது?"

"சின்னதுல சைக்கிள்ல இருந்து வுழுந்தேன். பக்கத்து வூட்ல அந்த ஊரு அனாமியப் பையன் ஒருத்தன் தள்ளி வுட்டுட்டான். அப்பால அவன் காதக் கடிச்சிட்டேன்."

"காதையா?"

"ஆமா. நீங்களும் சாக்கிரதையா இருங்க."

நான் சிரித்தேன். பிறகு நானும் சொன்னேன், ஏரியில் வாத்து பிடிக்கப் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாரின் தொப்பியில் தவளை விட்டது, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே சுற்றுவாள். "அப்பால?" என்பாள். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. மச்சான் கிராமபோனின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, செவிடன் மாதிரி கொல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஊசி தீர்ந்துபோனால் சைக்கிள் எடுத்துக்கொண்டு புதுச்சேரி வரைக்கும் மிதித்து வாங்கி வருவான். அந்தப் புண்ணியவானுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்!

ஆனாலும் பயம் அப்படியே இருந்தது. ஆடி நெருங்க நெருங்க அது வளர்ந்தது. மச்சானைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம், "அவ இன்னாடா சொன்னா?" என்று கேட்பேன். "அவளையே கேளு" என்பான். எதையெதையோ கேட்டேன் அவளிடம், அந்த ஒன்றை மட்டும் கேட்க நாக்கு எழவில்லை. "வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்" என்று அவள் சொன்னால் என்ன செய்வது? அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் நன்றாக ஆடிவிட்டால் இருந்துவிடுவாளோ என்று, அவள் இல்லாத நேரத்தில் தனியாகப் போய் ஆலை உருளையைச் சுற்றிச் சுற்றி ஆடிப் பழகினேன்.

களை எடுத்த பெண்கள் வாய் வழியாக எங்கள் ஆட்டம் மேர் காதுக்குப் போய்விட்டது. மேர் என்றால் எங்கள் கொம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு, தலைவர், ஊரிலேயே பெரிய நிலக்காரர். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசியப் பண்டிகை. கொம்யூனுக்குக் கொம்யூன் கொடி ஏற்றி, வழுக்குமரம் நட்டு, மிட்டாய் கொடுப்பார்கள். அந்த வருஷம் புதுச்சேரியிலிருந்து பெரிய துரை ஒருவர் மனைவியோடு பாகூருக்கு வருவதாக இருந்தது. மேர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"போன வருசம் வில்லியனூர்க்காரன் தொரைக்கு யானை காட்னான். இந்த வருசம் நான் வால்ஸ் காட்றேன். உம் புள்ளையும் மருமவளும் ஆடணும்" என்றார் நைனாவிடம்.

நைனாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். ஆனால் மேர் சொல்லை எப்படித் தட்டுவது? "செய்றேங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பண்டிகையன்று சாயங்காலம் பந்தலுக்குள் ஊரே திரண்டிருந்தது. கடலோரப் பனித்திட்டிலிருந்து மீன்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நான் வேட்டி, மேலே மச்சானின் கோட்டு. அவன் ஜோடு எனக்குச் சேரவில்லை, அதனால் வெறுங்கால். மச்சான் கிராமபோனை மேசைமேல் வைத்துச் சுற்றினான். அவள் என் தோளில் கை வைத்ததும் கூட்டத்தில் "ஓ..." என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நாங்கள் ஆடினோம். நன்றாகவே ஆடினோம், இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். துரை கைதட்டினார். மேர் மீசையைத் தடவிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம்.

துரைசானி எழுந்து வந்து, என்னோடு ஆட வேண்டும் என்று கையை நீட்டினாள். நல்ல உயரம், நல்ல பாரம். அவளும் ஆட்டத்தில் என்னைப்போல அரைகுறைதான் என்பது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துபோயிற்று. குதிகால் ஜோட்டால் என் கட்டைவிரலை ஒரு மிதி, பிறகு இன்னொரு மிதி. உயிர் போய்விட்டது. அந்த வலியில் நான் ஒரு தடுமாற்றம் தடுமாறி அவள் கால்மேல் என் காலை வைத்துவிட்டேன். வைத்ததும் கை போய்விட்டது. பாட்டு முடிகிற வரைக்கும் என்ற சட்டமெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? அத்தனை பேர் முன்னால் குனிந்து, அவள் ஜோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மச்சான் கிராமபோனை நிறுத்தினான். பிறகு பின்னாலிருந்து யாரோ, "வெள்ளக்காரி கால்ல வுழுந்துட்டான்டா!" என்றான். துரை மன்னித்துவிட்டதாகக் கை காட்டினார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரி நடுப்பந்தலுக்கு வந்தாள். துரைசானியின் முன்னால் நின்று, பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கிற குரலில் ஏதோ சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை மச்சான் பிறகு சொன்னான். "அம்மா, இது எங்கள் வழக்கம். கால் பட்டால் பச்சைக் குழந்தையாக இருந்தாலும், படி மரக்காலாக இருந்தாலும் தொட்டுக் கும்பிடுவோம். உங்கள் காலில் அவர் கால் பட்டது, கும்பிட்டார். நீங்கள் அவர் காலை இரண்டு தடவை மிதித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

மேருக்கு வியர்த்து ஊற்றியது. துரைசானி என் காலைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அவள் முகம் சிவந்தது. கையுறையைக் கழற்றினாள், மெதுவாகக் குனிந்து என் காலை விரல் நுனியால் தொட்டாள். கண்ணில் ஒற்றத் தெரியாமல் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், பந்தல் கூரை பறக்கிற மாதிரி சீழ்க்கை. மீன்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். மேர் தவில்காரனைப் பார்த்து, "அடிடா, அடிடா!" என்று கத்தினார்.

ஊர் சிரித்து மறந்துவிட்டது. நைனா மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"போதும். சபையில மானம் போச்சு. உம் மச்சான் கப்பல் ஏறும்போது அந்தப் பாட்டுப் பொட்டியும் ஏறட்டும். இனிமே எவனும் கொட்டகைப் பக்கம் தலை வெக்கக் கூடாது."

அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மறுபடியும் பழைய வெறும் முகமாக மாறுவது எனக்குத் தெரிந்தது. போச்சு, இனிமேல் கட்டாயம் போய்விடுவாள் என்று நினைத்தேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, நைனா, அம்மா, மச்சான் எல்லோரும் இருக்க, நான் அவள் பக்கமாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"ஏம்மே, நாளைக்கும் வா. எனக்கு அந்தத் திரும்பறது இன்னும் சரியா வரல."

அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. நைனா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போய்விட்டார். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு, "போடா, போய் ஆடு. பேசவாவது கத்துகினியே" என்றாள். மறுநாள் அவள் கொட்டகைக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஆனால் போகிறாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கப்பல் நாள் வந்துவிட்டது. விடியற்காலையில் வண்டி கட்டினேன். மச்சானின் பெட்டிகளை ஏற்றினேன். அவளும் ஒரு மூட்டையோடு வந்து ஏறிக்கொண்டாள். துணிமூட்டை போலத்தான் இருந்தது. பெட்டி எடுத்துக்கொள்ளவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. அங்கே போய் எல்லாம் புதிதாக வாங்கிக்கொள்வாள் என்று இன்னொரு மனசு சொன்னது. அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டுகிற வரைக்கும் அவள் அண்ணனோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தூரத்தில் நிற்கும், கடற்பாலத்தின் முனையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாட்டுப் பொட்டி கொட்டகையிலயே இருக்கட்டும் மச்சான், ஈரம் படாம பாத்துக்க" என்றான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவள் மூட்டையை நீட்டினாள். "அம்மாகிட்ட குடு. மாங்கா ஊறுகாயும் அப்பளமும். எண்ணெ ஒழுவாம நேரா வெச்சிக்க" என்றாள். அவன் வாங்கிக்கொண்டு இறங்கினான். படகு அலையில் ஏறி இறங்கிப் போயிற்று. அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ போவல?" என்றேன்.

"எங்க?"

"சைகோனுக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொட்டகைக்கு வந்த மொத வாரமே வரலன்னு அண்ணாகிட்ட சொல்லிட்டேனே."

"அடிப்பாவி! மொத வாரமேவா? எங்கிட்ட ஏன் சொல்லல? அவனாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் முட்டியது. "தூக்கம் இல்லாம, சோறு இல்லாம செத்துகினு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன் இல்ல?"

"ஆமா, நிம்மதியாத்தான் இருந்திருப்பீங்க" என்றாள். சிரிப்பு போய்விட்டது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இவ எங்கயும் போவமாட்டான்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே ஆட்டத்த நிறுத்தியிருப்பீங்க. பேச்சையும் நிறுத்தியிருப்பீங்க."

அவள் சொன்னது உண்மை. நிறுத்தித்தான் இருப்பேன். அத்தனை நாள் என்னை அந்தப் பயத்திலேயே வைத்திருந்ததற்கு, அவளை நான் உயிர் இருக்கும் வரை கும்பிடக் கடமைப்பட்டவன்.